அங்கீகரிக்கப்படாத வெளிச்சம்

அரசு மகப்பேறு மருத்துவமனையின் மூன்றாம் வார்டில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் வழியாக நாற்பது ஆண்டுகளாக வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. இதற்கான அனுமதி எந்தக் கோப்பிலும் இல்லை. ஆனாலும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்கும் அதிகாரம் படைத்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் வந்ததில்லை என்பதே அதற்குக் காரணம்.

அந்த ஜன்னலை முறையாகப் பயன்படுத்திய ஒரே அரசு ஊழியர் வார்டின் மூத்த செவிலியர். தினமும் காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்குள் பச்சைப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போவார். நெற்றியில் விரலை வைத்து மெல்ல அழுத்தி எடுப்பார். தோல் ஒரு கணம் வெளுக்கும். அந்த ஒரு கணத்தில் அடியில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு மார்பு, தொடை, கடைசியில் பாதம். கறுத்த பிள்ளையாக இருந்தால் ஈறையும் விலக்கிப் பார்ப்பார். மஞ்சள் முகத்தோடு நின்றால் "நல்லா பால் குடு" என்பார். தொடை வரை இறங்கியிருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதச் சொல்வார். பாதத்தைத் தொட்டிருந்தால் எதுவும் சொல்ல மாட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, காமாலையை இறக்கும் நீல விளக்குப் பெட்டிக்கு ஓடுவார். இப்படி இருபத்திரண்டு வருடம் ஆனதில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிஞ்சியது. ஊருக்கு அவர் ஜன்னல் சிஸ்டர்.

ஆனால் இந்தக் கதை ஒயர்மேனுடையது.

ஒயர்மேன் அந்த மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகளாகத் தற்காலிகமாக இருந்தான். அவனை நிரந்தரமாக்கும் கோப்பு, கண்காணிப்பாளரின் மேசையில் ஏறக்குறைய அதே காலமாக நிரந்தரமாக இருந்தது. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவன் ஒரு ஸ்க்ரூட்ரைவர் வைத்திருப்பான். "அடுத்த மாசம் ஆர்டர் வந்துடும்" என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். கல்யாணம் முடிந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. இப்போது மனைவிக்கு எட்டாம் மாதம். பிள்ளை வருவதற்குள் ஆர்டர் வந்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். பிள்ளைக்கு ஒரு தேதி இருந்தது. ஆர்டருக்கு இல்லை.

இந்த நிலையில்தான் சுகாதாரத் துறைத் தலைவருக்குத் தூக்கம் வராமல் போயிற்று.

அவர் படுக்கையில் படுத்தபடி, தூக்கம் ஏன் வருவதில்லை என்று கைபேசியில் தேடிப் படித்தார். கைபேசியின் நீல வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும் என்று அதில் போட்டிருந்தது. வேறொருவராக இருந்தால் கைபேசியைக் கீழே வைத்திருப்பார். அவர் அதிகாரி. சுற்றறிக்கை அனுப்பினார்.

"உள்ளரங்க ஒளியின் நிறமாலையானது மாந்தர்தம் உடல்நலத்திற்கும் மனநலத்திற்கும் இன்றியமையாததெனக் காணப்படுவதால், இனிவரும் காலங்களில் அனைத்து வார்டுகளிலும் நீல நிறக் கூறு எந்நேரத்திலும், எவ்வடிவிலும் காணப்படலாகாது எனக் கனிவுடன் கட்டளையிடப்படுகிறது."

சுற்றறிக்கைக்குப் பின்னாலேயே ஒளிநல ஆலோசகர் வந்தார். மாலை வெயில் நிறத்தில் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். கையில் ஒரு சிறிய பெட்டி. எந்த வெளிச்சத்தில் எந்த நிறம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அது திரையில் மலை மலையாக வரைந்து காட்டும். அவர் முதலில் வார்டைப் பார்த்தார். பிறகு ஜன்னல் சிஸ்டரைப் பார்த்தார்.

"இந்த வார்டுல ஒருத்தர் சராசரியா எத்தனை மணி நேரம் தூங்குறாங்க?"

"இது பிள்ளை பெத்தவங்க வார்டு சார். இங்க யாரும் தூங்குறதில்ல."

"பாத்தீங்களா" என்று ஆலோசகர் ஒயர்மேன் பக்கம் திரும்பினார். "எல்லாம் வெளிச்சம் பண்ற வேலை."

சிஸ்டர் விடவில்லை. "பகல்ல வெள்ளை வெளிச்சம் உடம்புக்கு நல்லது, பொழுது சாஞ்சதும்தான் குறைக்கணும்னு படிச்சவங்க சொல்றாங்களே சார்?"

"உண்மைதான். ஆனா பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணுன்னா ரெண்டு டெண்டர் போடணும். சுற்றறிக்கையில ஒரு டெண்டர்தான் இருக்கு."

அறிவியல் அத்துடன் முடிந்தது.

நாற்பத்தெட்டு விளக்குகள் வந்து இறங்கின. பெட்டியின் மேல் 'அந்திப் பொன்' என்று எழுதியிருந்தது. ஒயர்மேன் நான்கு நாள் ஏணியிலேயே குடியிருந்து அத்தனையையும் மாட்டினான். நீல விளக்குப் பெட்டிகள் மூன்றையும், அவை நீலமாக இருந்த குற்றத்துக்காக, தள்ளுவண்டியில் வைத்துக் கீழ்த்தளக் கிடங்குக்குக் கொண்டுபோய் அடுக்கினான். பொத்தானைப் போட்டதும் வார்டு தேனில் முக்கி எடுத்தது போல ஆனது. கண்காணிப்பாளர் வாசலில் நின்று, "ஆஹா, ஸ்டார் ஓட்டல் மாதிரி இருக்கு" என்றார். ஸ்டார் ஓட்டலில் யாரும் பிள்ளை பெறுவதில்லை என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வார்டில் நீலம் அறவே இல்லை என்ற ஒளிநலச் சான்றில் ஒயர்மேன் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் ஆலோசகர் பெட்டியை ஏந்திக்கொண்டு கட்டில் கட்டிலாக நடந்தார். பதினைந்து கட்டில் வரை மலைகள் ஒழுங்காக இருந்தன. பதினாறாவது கட்டிலில், ஜன்னல் பக்கம், திரையில் மலை குப்புற விழுந்தது.

"இது எந்தக் கம்பெனி லைட்டு?"

ஒயர்மேன் மேலே பார்த்தான்; பிறகு வெளியே பார்த்தான். "அது வெயில் சார்."

"எது?"

"சூரியன் சார்."

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றாமலே ஜன்னலைப் பார்த்தார். "காலையில ஒரு நிறம், மத்தியானம் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம். நீலம் எக்கச்சக்கம். இதுக்கு ஸ்விட்ச் எங்க இருக்கு?"

"ஸ்விட்ச் இல்ல சார்."

"உத்தரவாத அட்டை?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்."

"யார் மாட்டினது?"

ஒயர்மேனுக்கு இதற்குப் பதில் தெரியும் போலத்தான் இருந்தது. ஆனால் கோப்பில் எழுதும் அளவுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

ஆலோசகர் அறிக்கையில் எழுதினார்: 'வார்டின் கிழக்குப் பகுதியில் அங்கீகரிக்கப்படாத ஒளி மூலம் ஒன்று செயல்பட்டு வருவது கண்டறியப்பட்டது. கட்டுப்பாட்டு வசதி இல்லை. தயாரிப்பாளர் விவரம் இல்லை. தரப் பரிசோதனையில் தேறவில்லை.' சூரியன் தோன்றிய நாள் முதல் அதன் மேல் எழுதப்பட்ட முதல் பாதகமான அறிக்கை அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் ஒரு பலகை வந்தது. கூடவே பன்னிரண்டு திருகாணிகளும் வந்தன. ஒயர்மேன் ஜன்னலை அடைத்தபோது சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, என்ன பண்றேன்னு தெரிஞ்சுதான் பண்றியா?"

"ஆர்டர் சிஸ்டர். நான் என்ன பண்ணட்டும்? சான்றுல கையெழுத்து இல்லைன்னா என் ஃபைல் நகராதுன்னு கண்காணிப்பாளர் சொல்லிட்டாரு."

"எத்தனை ஸ்க்ரூ?"

"பன்னண்டு."

"எண்ணி வச்சுக்கோ" என்றார் சிஸ்டர். "அந்த ஸ்க்ரூட்ரைவரையும் தொலைச்சுடாத."

அவன் கையெழுத்துப் போட்டான்.

முதல் வாரம் வார்டில் முப்பத்தொரு குழந்தைகள் இருந்தன. முப்பத்தொன்றும் மஞ்சளாக இருந்தன. பணி மருத்துவர் இளைஞர், பொறுப்பானவர். முப்பத்தொரு பேருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். பரிசோதனைக் கூடத்தில் குழாய்கள் தீர்ந்தன. தாய்மார்கள் அழுதார்கள். அழுதவர்களும் மஞ்சளாக இருந்தார்கள். மருத்துவர் கை கழுவும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். தன் ரத்தத்தையும் ஒரு குழாயில் எடுத்து அனுப்பினார். பார்வையிட வந்த கண்காணிப்பாளர், நகத்தைப் பார்த்துக்கொண்டே அறைக்குத் திரும்பி மூன்று நாள் மருத்துவ விடுப்பு எழுதினார்.

விடுப்பு முடிந்து வந்ததும் குழு கூடியது. மின்விசிறி ஓடவில்லை என்று அழைக்கப்பட்ட ஒயர்மேன், ஏணியின் மேல் நின்றபடி அந்த வரலாற்று நிகழ்வை முழுவதுமாகப் பார்த்தான்.

"நூத்துக்கு நூறு மஞ்சள் காமாலைன்னு மேலிடத்துக்கு எழுத முடியாது" என்றார் கண்காணிப்பாளர்.

"ஜன்னலைத் திறந்துட்டா சரியாயிடும் சார்" என்றார் ஜன்னல் சிஸ்டர்.

"சிஸ்டர், பிரச்சனைக்குத் தீர்வு சொல்லுங்க. திட்டத்துக்கு எதிரா பேசாதீங்க."

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் மஞ்சளா இருந்தா, மஞ்சள்தான் இந்த வார்டோட இயல்பான நிறம். இயல்பா இருக்கறது எப்படி நோயாகும்?"

எல்லாரும் குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்கள். ஒரு பெரிய கருத்து பிறந்தால் அலுவலகம் அதை அப்படித்தான் வரவேற்கும். அன்று மாலையே உத்தரவு வந்தது. மூன்றாம் வார்டில் மஞ்சளாகக் காணப்படுவது இனி நோயின் அறிகுறியாகக் கருதப்பட மாட்டாது. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு நிற அட்டை தொங்கவிடப்படும். அட்டையை விடக் கூடுதல் மஞ்சளாக உள்ள குழந்தைக்கு மட்டும் ரத்தம் எடுக்கலாம். அட்டைகள் அந்திப் பொன் வெளிச்சத்தில் வைத்தே அச்சுப் பார்க்கப்பட்டன. அந்த வெளிச்சத்தில் அட்டையை விட மஞ்சளாக எதுவும் இருக்க முடியாது. மஞ்சள் சாயத்தாலும் முடியாது.

அடுத்த மாத அறிக்கையில் மூன்றாம் வார்டின் மஞ்சள் காமாலை விகிதம் பூஜ்யம்.

பூஜ்யத்துக்கு அலுவலகங்களில் ஒரு மதிப்பு உண்டு. பக்கத்து மருத்துவமனைகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஊழியர்கள் எல்லாரும் ஆலோசகரைப் போலவே மஞ்சள் மூக்குக் கண்ணாடி போட ஆரம்பித்தார்கள். ஒன்பது மணிக்குப் போட்டவர் பத்து மணிக்குப் போட்டவரை ஈடுபாடு இல்லாதவர் என்றார். ஊர் மட்டும் என்ன, சும்மா இருந்ததா? அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் புகைப்படத்தில் தகதகவென்று விழுந்தார்கள். "மூணாம் வார்டுதான் வேணும்" என்று கேட்டுவந்து பிள்ளை பெற்றார்கள். வீட்டிலும் அந்திப் பொன் மாட்டினார்கள். சுற்றறிக்கை இல்லாமலே ஜனங்கள் ஒன்றைக் கடைப்பிடித்தது அந்த ஊரில் அதுவே முதல் முறை.

ஜன்னல் சிஸ்டர் ஒரு பிள்ளையைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிப்போய்ப் பார்த்தார். அதற்காக அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வாசலில் காவலாளி நியமிக்கப்பட்டார். குழந்தை வார்டை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும் என்று ஆனது.

இந்தப் புகழெல்லாம் உச்சியில் இருந்த நாட்களில் ஒயர்மேனின் மனைவி அதே வார்டில், பதினாறாவது கட்டிலில், ஒரு பெண் பிள்ளை பெற்றாள்.

துணைக்கு வந்தவள் ஒயர்மேனின் அக்கா. தையல்காரி. இருபது வருடமாக ஊருக்கெல்லாம் சட்டை தைத்துக்கொடுத்தவள். வாயும் கத்தரியும் ஒரே வேகத்தில் ஓடும். பார்க்க வந்தவர்கள் அனைவரும் பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, "தங்கம் மாதிரி இருக்கா" என்றார்கள். அக்கா மட்டும் துணியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை, தம்பி உள்ளே வந்ததும் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

அவன் புதுச் சட்டையில் இருந்தான். அன்று துறைத் தலைவரே ஆய்வுக் குழுவோடு வருகிறார். மூன்றாம் வார்டுக்கு 'மாதிரி வார்டு' விருது. விழாவில் ஒயர்மேனுக்கு நிரந்தர ஆர்டரையும் தலைவர் கையால் கொடுப்பதாகக் கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார். பதினொரு மணிக்கு.

"டேய், பிள்ளை நிறம் எனக்குப் பிடிபடல."

"எல்லாரும் தங்கம்னு சொல்றாங்களே அக்கா."

"எல்லாரும் என்ன தங்கத்தைப் பாத்து வளந்தவங்களா? நான் துணி வெட்டுறவ. கடைக்குள்ள சிவப்பா தெரியுற துணியைத் தெருவுக்கு எடுத்துட்டு வந்து பாத்தா காவியா இருக்கும். வெயில்ல காட்டாம நான் ஒரு நூல்கூடச் சேக்கமாட்டேன். நீ பெத்த பிள்ளையை இந்தக் கல்யாண மண்டப லைட்டுல பாத்துட்டு நல்லா இருக்குங்கற."

"என்னங்க" என்றாள் மனைவி கட்டிலிலிருந்து. "நேத்து சாயங்காலத்துலேருந்து பால் சரியா குடிக்க மாட்டேங்குறா. தூங்கிட்டே இருக்கா. எழுப்பினாலும் கண்ணைத் திறக்க மாட்டேங்குறா."

அவன் பணி மருத்துவரிடம் ஓடினான். மருத்துவர் மஞ்சள் கண்ணாடியோடு வந்தார். நிற அட்டையைப் பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"டாக்டர், கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்களேன்" என்றாள் அக்கா.

மருத்துவர் கழற்றினார். "கழட்டினாலும் ஒரே மாதிரிதாங்க இருக்கு." அவர் குரலில் வருத்தம் இருந்தது. "அட்டையைத் தாண்டாம நான் ரத்தம் எழுதினா காரணம் கேப்பாங்க. போன வாரமே ஒரு தடவை கேட்டாங்க."

அக்கா பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"சீட்டு?"

"பத்து அடி தள்ளி வெளிச்சத்துல நின்னு பாத்துட்டு வந்துடறேன்யா. நீங்களும் கூடவே வாங்க."

"சீட்டு இல்லாம அனுப்ப முடியாதும்மா. பிள்ளை காணாம போச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க." அவர் படிவத்தை எடுத்து நீட்டினார். "காரணம் எழுதிக் கண்காணிப்பாளர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நாலு காரணம்தான் இருக்கு. வீடு திரும்புதல், வேறு மருத்துவமனை, பரிசோதனை, இறப்பு."

"நிறம் பாக்கறதுன்னு இல்லையா?"

"இல்லையேம்மா."

"அப்ப இந்த நாலுல எதை எழுதச் சொல்றீங்க?"

காவலாளி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமா என்று. இல்லை.

மணி பத்தேமுக்கால். ஒயர்மேன் கண்காணிப்பாளர் அறைக்குப் போனான். அறை பூட்டியிருந்தது, எல்லாரும் வாசலில் தலைவரை வரவேற்க நின்றிருந்தார்கள். திரும்பி வார்டுக்குள் வந்தான். பதினாறாவது கட்டிலுக்குத் தலைமாட்டில் பலகை. அதன் மேல் 'மாதிரி வார்டு' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஜன்னல் சிஸ்டர் அங்கே நின்றிருந்தார். பிள்ளை அவர் கையில் இருந்தது. விரலால் நெற்றியை அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

"தெரியல தம்பி" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை ஒருவரும் கேட்டதில்லை. "இந்த வெளிச்சத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல."

ஒயர்மேன் சட்டைப் பையைத் தொட்டான். ஸ்க்ரூட்ரைவர் இருந்தது. கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவன் வாழ்க்கையில் வேண்டுமென்று கேட்டவை இரண்டுதான். ஒன்று அந்த வண்டியில் வந்திருந்தது. இன்னொன்று கண்ணைத் திறக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"பன்னண்டுதானே?" என்றார் சிஸ்டர்.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். மாட்டும்போது நிரந்தரமாக இருக்கட்டும் என்று இறுக்கி மாட்டியிருந்தான். தற்காலிக ஊழியனின் வேலைத்தரத்தை அவனே சபித்துக்கொண்டான். ஏழாவது திருகாணி கழன்றபோது தாழ்வாரத்தில் பேச்சுக் குரல் கேட்டது. பத்தாவது கழன்றபோது கண்காணிப்பாளரின் குரல், "இதுதான் சார் அந்த வார்டு" என்றது. பதினொன்றாவது கழன்றதும் பலகை ஒற்றைத் திருகாணியில் சுழன்று தொங்கியது. வெயில் உள்ளே விழுந்தது.

சிஸ்டர் பிள்ளையை வெயிலில் நீட்டினார். விரலை வைத்து எடுத்தார். நெற்றி, மார்பு, தொடை. பாதத்துக்கு வந்தபோது விரல் நின்றது.

"பாதம் வரைக்கும் இறங்கிடுச்சு. கிடங்குச் சாவி எங்க?"

விருது, தலைவர், ஆர்டர் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஒயர்மேன் மாடிப்படியில் இறங்கி ஓடினான். நீல விளக்குப் பெட்டிகளைக் கடைசியாக அடுக்கியவன் அவன்தான். சாவி அவனிடம்தான் இருந்தது, எந்த மூலை என்றும் தெரியும். சிஸ்டர் பிள்ளையோடு பின்னால் வந்தார். காவலாளி சீட்டு கேட்டார். அக்கா அவரிடம் நாலு காரணத்துக்கும் அடங்காத ஐந்தாவது ஒன்றைச் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. கிடங்கில், பழைய நாற்காலிகளுக்கு நடுவே, நீல விளக்கு எரிந்தது. அதன் அடியில் பிள்ளை படுத்திருந்தாள்.

மேலே, வார்டில் இருந்த தாய்மார்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பிள்ளைகளோடு ஜன்னலுக்கு வந்தார்கள். மருத்துவர் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று பார்த்தார். இன்னும் மூன்று பிள்ளைகள் மஞ்சள்.

துறைத் தலைவர் இதையெல்லாம் பார்த்தபடி நின்றார். "என்ன நடக்குது இங்க?"

கண்காணிப்பாளரின் முப்பது வருட அனுபவம் அந்த ஒரு நொடிக்காகத்தான் சேர்ந்துவந்தது போலிருக்கிறது. "செயல்முறை விளக்கம் சார்" என்றார். "பத்து ஐம்பது வரைக்கும் இந்த வார்டுல காமாலை பூஜ்யம். ஜன்னலைத் திறந்து பத்து நிமிஷத்துல நாலு கேஸ். வெயிலோட ஆபத்தை உங்க முன்னாடியே நிரூபிச்சுக் காட்டணும்னு ஒயர்மேன்கிட்ட சொல்லியிருந்தேன்."

தலைவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் பெட்டியைப் பார்த்தார். மலை குப்புற விழுந்திருந்தது. "எண்கள் சரியாத்தான் இருக்கு சார்" என்றார்.

விருது கிடைத்தது. ஒயர்மேனின் ஆர்டரைக் கிடங்குக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். கூடவே ஒரு தாள். 'மேற்படி நான்கு நோய்த் தாக்கங்களும் ஜன்னல் திறக்கப்பட்ட பின்னரே தோன்றின என்பதற்குச் சாட்சியாக.' பிள்ளை விளக்கின் கீழ் முதல் முறையாகக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். நீல விளக்கை மறுபடி எடுத்துக்கொண்டுபோக வேண்டாம், கிடங்கு வார்டு அல்ல என்பதால் சுற்றறிக்கை அதைத் தொடாது, இங்கேயே இருக்கட்டும் என்று கண்காணிப்பாளர் கனிவாகச் சொன்னார். அந்தத் தாளில் ஒயர்மேனின் கையெழுத்து விழுந்தால்.

ஒயர்மேன் அக்காவைப் பார்த்தான். அக்கா பிள்ளையைப் பார்த்தாள்.

"ஜன்னல் திறந்த பிறகுதானே தெரிஞ்சுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அது பொய் இல்லை. பிறகுதான். 'அதனால்' என்று அதில் எழுதியிருக்கவில்லை. அப்படித்தான் கையெழுத்துப் போட்டான்.

நிரந்தர ஊழியர் ஆகிவிட்டதால் இனி அவரை 'அவர்' என்று எழுதுவதே முறை.

பிள்ளை ஆறாம் நாள் வீட்டுக்குப் போனாள். ஜன்னலுக்குப் புதுப் பலகை வந்தது. அதே வாரம் புதிய உத்தரவும் வந்தது: 'பலகை எக்காலத்திலும் தளராதிருக்கும்பொருட்டு அதன் திருகாணிகள் ஒயர்மேனால் நாள்தோறும் சரிபார்க்கப்பட வேண்டும்.'

ஜன்னல் சிஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார். "தம்பி, திருகாணி உள்ளுக்குள்ள துரு பிடிச்சிருக்கான்னு எப்படிப் பாக்கறது?"

"கழட்டித்தான் பாக்கணும் சிஸ்டர்."

"பன்னண்டையும்?"

"உத்தரவுல 'திருகாணிகள்'னு பன்மையில போட்டிருக்கே."

அன்றிலிருந்து தினமும் காலை ஏழிலிருந்து எட்டு வரை திருகாணிகள் சரிபார்க்கப்பட்டன. அந்த நேரத்தில் பலகை சுவரில் சாய்ந்திருக்கும். பிள்ளைகள் வரிசையில் வருவார்கள். மஞ்சளாக இருப்பவர்கள் கிடங்குக்குப் போவார்கள். அவர்கள் 'கையிருப்புச் சரிபார்ப்பு' என்று பதிவேட்டில் ஏறுவார்கள். காமாலை விகிதம் பூஜ்யமாகவே நீடித்தது. ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. எட்டு மணிக்கு ஒயர்மேன் பன்னிரண்டையும் முடுக்கி, பதிவேட்டில் எழுதிவிட்டு, ஸ்க்ரூட்ரைவரை அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிக் கொடுத்துவிடுவார். அதற்கும் ஒரு உத்தரவு இருந்தது.

ஒரு நாள் ஏழேமுக்காலுக்கு வரிசையின் கடைசியில் கண்காணிப்பாளர் நின்றார். கையில் ஒரு பச்சைப் பிள்ளை. மகள் வயிற்றுப் பேரன், வேறொரு பெரிய மருத்துவமனையில் பிறந்தவன். மஞ்சள் கண்ணாடி போட்டிருந்தார்.

"திருகாணி சரிபாக்கற நேரம்னு சொன்னாங்க" என்றார் சிஸ்டரிடம், வேறு பக்கம் பார்த்தபடி. "இவனையும் ஒரு தடவை..."

"குடுங்க சார். நீங்களும் பாக்கறதா இருந்தா கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க."

அவர் கழற்றினார். சிஸ்டர் பிள்ளையின் நெற்றியை அழுத்தி, மார்பை அழுத்தி, பாதத்தை அழுத்தி, ஒன்றும் பேசாமல் கிடங்குக்குக் கொண்டுபோனார். கண்காணிப்பாளர் பின்னால் ஓடினார். இரண்டு படி இறங்கியதும் திரும்பிப் பார்த்தார்.

"மணி எட்டாகப் போகுது. மூடிடுப்பா."

ஒயர்மேன் மூடினார். பன்னிரண்டையும் முடுக்கினார். எழுதினார். ஸ்க்ரூட்ரைவர் பீரோவுக்குப் போயிற்று.

எட்டு ஐந்துக்கு ஒரு பெண் மூச்சு வாங்க வந்தாள். முந்தாநாள்தான் வார்டிலிருந்து வீட்டுக்குப் போனவள். பிள்ளையை மார்போடு அணைத்திருந்தாள்.

"அண்ணே, ஜன்னல் சிஸ்டர் இல்லையா? பிள்ளை பால் குடிக்க மாட்டேங்குது. தூங்கிட்டே இருக்கு. எழுப்பினாலும் கண்ணைத் திறக்க மாட்டேங்குது. எனக்குப் பாக்கத் தெரியல, சிஸ்டர் ஜன்னல்ல வச்சு ஒரு தடவை பாத்துச் சொன்னா போதும்."

"நேரம் முடிஞ்சுடுச்சும்மா. பலகை போட்டாச்சு."

"பன்னண்டு ஸ்க்ரூதானே அண்ணே?"

"பன்னண்டும் பதிவேட்டுல ஏறிடுச்சு" என்றார் ஒயர்மேன். "நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க."

சொன்ன பிறகுதான், தன் வாயிலிருந்து வந்த இந்தக் குரலை இதற்கு முன் எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவருக்குப் பட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

பையில் பேனா இருந்தது.